கிராம்பு, ஓமம், பூண்டு: உணவைக் கெடுக்கும் நோய்க்கிருமிகளுக்கு எதிராகத் தாவரச் சாறுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்டுக்காக இந்த விஷயத்தில் இறங்குகிறார்கள். ஊறுகாய், பொடி, மசாலா தடவிய இறைச்சி, பனீர் என்று சிறு அளவில் தயாரிப்பவர்கள் ‘பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது’ என்று லேபிளில் போடலாமே என்று தேடி வருகிறார்கள். இரு தரப்பும் கேட்பவை இங்கே கலந்தே இருக்கின்றன.

எந்தச் செடிகளின் சாறு உண்மையிலேயே வேலை செய்கிறது?

பட்டியல் நீளம், நம்பத் தகுந்தவை கொஞ்சம்தான். கிராம்பு மொட்டுத் தைலத்தில் யூஜினால் 70 முதல் 90 சதவீதம் வரை இருக்கும். ஓமத் தைலத்தில் ஏறக்குறையப் பாதி தைமால். பட்டைத் தைலத்தில் சின்னமால்டிஹைடு. கடுகை அரைத்து ஈரம் பட்டதும் உருவாகும் அல்லைல் ஐசோதயோசயனேட், பூண்டை நசுக்கியதும் உருவாகும் அல்லிசின், எலுமிச்சைப் புல்லில் உள்ள சிட்ரால், வெற்றிலையில் உள்ள ஹைட்ராக்ஸிசாவிகால், மாதுளைத் தோலின் டானின்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டைத் தைலம் என்று கேட்டால் சில கடைகளில் பட்டை மரத்தின் இலைத் தைலத்தைக் கொடுப்பார்கள். இலைத் தைலத்தில் இருப்பது பெரும்பாலும் யூஜினால். மரம் ஒன்றுதான், மருந்து வேறு.

மஞ்சளுக்கு இருக்கும் பெயர் சோதனைத் தட்டில் நிற்பதில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் சிதையும், காரத்தன்மையில் சில நிமிடங்களிலேயே உடையத் தொடங்கும். துளசியையும் வேப்பிலையையும் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கும் கஷாயமும் பெரும்பாலும் ஏமாற்றும்.

இவை கிருமியை எப்படிக் கொல்கின்றன?

தைமாலும் யூஜினாலும் பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது, ஆற்றல் உற்பத்தி சரிகிறது. சின்னமால்டிஹைடு புரதங்களோடு நேரடியாக வினைபுரிகிறது. அல்லிசினும் கடுகின் காரப்பொருளும் நொதிகளில் உள்ள கந்தகக் கூறுகளைப் பிடித்துக்கொள்கின்றன.

எல்லாக் கிருமிக்கும் ஒரே அளவு போதுமா?

போதாது. ஸ்டாஃபிலோகாக்கஸ், லிஸ்டீரியா போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகள் (‘கிராம்’ என்பது பாக்டீரியாவை இரு வகையாகப் பிரிக்கும் சாயச் சோதனை) பொதுவாக எளிதில் மடியும். சால்மோனெல்லா, ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் உள்ளே போகத் திணறும்.

பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் இனங்களின் வித்துகளை (கடினச் சூழலைத் தாங்கும் உறங்குநிலை வடிவம்) எந்த மசாலாச் சாறும் சமையல் அளவில் கொல்லாது. ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சை அழிக்கவும் அதற்கு வழியில்லை. பேசில்லஸ் சீரியஸ் சோற்றில் விடும் வாந்தி நச்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கும். மத்தியானம் வடித்து ராத்திரிவரை வெளியில் கிடந்த சோற்றில் கறிவேப்பிலையும் மஞ்சளும் போட்டு எலுமிச்சை சாதமாக்கினால் வாசனை வரும். நச்சு அப்படியே இருக்கும்.

சாறு எடுப்பது எப்படி?

இலை, தோல் போன்றவற்றுக்கு: நிழலிலோ 40 டிகிரி உலர்த்தியிலோ காயவைத்துப் பொடித்துச் சலியுங்கள். 50 கிராம் பொடிக்கு 500 மி.லி. 70 சதவீத எத்தனால் ஊற்றி, மூடிய குடுவையில் 24 மணி நேரம் ஷேக்கரில் வையுங்கள். வாட்மேன் 1 வடிதாளில் வடித்து, சக்கையை இன்னொரு 250 மி.லி. எத்தனாலில் ஒருமுறை ஊறவைத்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 முதல் 45 டிகிரிக்குள் எத்தனாலை வெளியேற்றி, மீதியை உறையவைத்து உலர்த்துங்கள். கிடைத்ததன் எடையை 50ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். பழுப்புக் குப்பியில் அடைத்து உறைபெட்டியில் வைக்கவும்.

எத்தனால் முழுக்கப் போகவில்லை என்றால், அது கொன்றதைச் செடி கொன்றதாக எழுதிவிடுவீர்கள். எடை இரண்டு முறை அடுத்தடுத்து மாறாமல் வரும்வரை உலர்த்துவதுதான் இதற்கு மருந்து. மெத்தனால், ஹெக்சேன் சாறுகள் ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய வரும். ‘உணவில் சேர்க்கலாம்’ என்பது உங்கள் முடிவாக இருக்குமானால் தண்ணீர், எத்தனால் இரண்டோடு நின்றுகொள்ளுங்கள்.

கிராம்பு, ஓமம், பட்டைக்குத் தைலம் வடிப்பதே சரி. 100 கிராம் கொரகொரப்பான பொடி, ஒரு லிட்டர் தண்ணீர், கிளெவெஞ்சர் கருவி (கொதிநீராவியில் தைலத்தைப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி), 3 முதல் 4 மணி நேரம். இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கிராம்புத் தைலமும் பட்டைத் தைலமும் தண்ணீரைவிடக் கனமானவை. மிதக்கும் எண்ணெய்க்கான சாதாரணக் கிளெவெஞ்சரில் வடித்தால் தைலம் அடியில் இறங்கித் தண்ணீரோடு குடுவைக்கே திரும்பிப் போய்விடும். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழாயில் நாலு சொட்டுதான் இருக்கும். கன எண்ணெய்க்கான கை உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். ஓமத் தைலம் மிதக்கும். ஆனால் குளிரில் அதிலிருந்து தைமால் படிகமாகப் பிரியும். அதைக் கவனிக்காமல் மேலாக உறிஞ்சி எடுத்தால் தைமால் குறைந்த எண்ணெயைத்தான் சோதிப்பீர்கள். குப்பியைச் சுமார் 50 டிகிரி வெந்நீரில் வைத்துக் கரைத்து, கலக்கிவிட்டு எடுங்கள்.

தடை வட்டம் (சாறு தோய்த்த தாளைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம்) பெரிதாக வந்தால் சாறு வலுவானது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. மாணவர் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை இதுதான். 4 மி.மீ. தடிமனுள்ள அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊட்டம்) 6 மி.மீ. வட்டத்தாளை வைத்தால், அதிலுள்ள பொருள் நீர் நிறைந்த அகாரில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்த வட்டம் காட்டுகிறது. தண்ணீரில் கரையும் வலுவற்ற சாறு பெரிய வட்டம் தரலாம். தண்ணீரோடு ஒட்டாத வலுவான பொருள் தாளுக்கடியிலேயே முடங்கலாம். தைலமானால் ஆவியாகி மூடிக்குள் சுற்றி, பக்கத்து வட்டத்தையும் பெரிதாக்கும். ஆகவே ‘இலைச் சாறு 18 மி.மீ., பட்டைச் சாறு 11 மி.மீ., எனவே இலை சிறந்தது’ என்ற வாக்கியத்துக்கு அடிப்படையே இல்லை. ஆன்டிபயாடிக் வட்டத்தோடு ஒப்பிட்டு ‘ஜென்டாமைசினுக்கு நிகர்’ என்று எழுதுவது அதைவிட மோசம். அந்த வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து, உங்கள் தாளில் ஊற்றியதோ மில்லிகிராம் கணக்கில்.

இருபது சாறுகளில் எதைத் தொடரலாம் என்று வடிகட்ட மட்டும் தட்டு முறை போதும்.

அப்படியானால் எதை அளப்பது?

வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவை, அதாவது எம்ஐசியை. 96 குழித் தட்டில் செய்யும் முறை இது.

சாற்றை டிஎம்எஸ்ஓவில் (டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு என்ற கரைப்பான்) மி.லி.க்கு 400 மி.கி. என்ற அளவில் கரையுங்கள். வடிகட்டிக் கிருமி நீக்க வேண்டுமானால் நைலான் அல்லது பிடிஎஃப்இ வடிப்பான். நைட்ரோசெல்லுலோஸ் வடிப்பான் டிஎம்எஸ்ஓவில் கரைந்து சாற்றோடு கலந்துவிடும். இதில் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் மியூல்லர்-ஹின்டன் குழம்பில் (கிருமி வளர்க்கும் திரவ ஊட்டம்) விட்டால் மி.லி.க்கு 8 மி.கி. அதிலிருந்து 200 மைக்ரோலிட்டரை முதல் குழியில் ஊற்றுங்கள். 2 முதல் 10 வரையுள்ள குழிகளில் வெறும் குழம்பு 100 மைக்ரோலிட்டர். முதல் குழியிலிருந்து 100ஐ எடுத்து இரண்டாவதில் விட்டுக் கலக்கி, அதிலிருந்து 100ஐ மூன்றாவதில், இப்படியே பத்தாவது வரை. கடைசி 100ஐக் கொட்டிவிடுங்கள். 11ஆம் குழியில் 2 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்த குழம்பு மட்டும். 12இல் வெறும் குழம்பு 200. அதில் கிருமி விடக் கூடாது.

முந்தைய நாள் வளர்த்த கிருமியை உப்புநீரில் கலக்கி 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிட்டு அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவாருங்கள். மி.லி.க்கு ஏறக்குறைய 10 கோடி செல்கள் இருக்கும். குழம்பில் நூறு மடங்கு நீர்க்கவைத்தால் 10 லட்சம். அதில் 100 மைக்ரோலிட்டரை 1 முதல் 11 வரையுள்ள குழிகளில் விடுங்கள். இப்போது ஒவ்வொன்றிலும் மி.லி.க்கு 5 லட்சம் செல்கள். சாறு முதல் குழியில் 4 மி.கி., அடுத்தடுத்துப் பாதி பாதி. டிஎம்எஸ்ஓ எங்கும் 1 சதவீதத்தைத் தாண்டாது. 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். கலங்காமல் நிற்கும் கடைசிக் குழியின் செறிவே எம்ஐசி.

கலங்காத குழிகளிலிருந்து எடுத்துத் தூய அகாரில் பரப்பினால் கொன்றதா, வெறுமனே தூங்கவைத்ததா என்பது தெரியும். தொடக்க எண்ணிக்கையில் 99.9 சதவீதம் செத்திருந்தால்தான் கொல்லும் செறிவு.

முடிவு முன்னுக்குப் பின் முரணாக வருகிறதே, ஏன்?

பெரும்பாலும் கீழுள்ளவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

மாதுளைத் தோல், கடுக்காய், தேயிலை போன்றவற்றின் டானின் குழம்பிலுள்ள புரதத்தோடு சேர்ந்து திரியும். அந்தக் கலங்கலைக் கிருமி வளர்ச்சி என்று படித்துவிடுவீர்கள். கிருமி சேர்க்காத சாற்றுக் குழிகள் ஒரு வரிசை தனியாக இருக்க வேண்டும்.

கலங்கல் தெரியாத அடர்நிறச் சாறுகளுக்கு ரெசசூரின் சாயம் உதவும். நீலம் இளஞ்சிவப்பானால் உயிர் இருக்கிறது. ஆனால் நெல்லிக்காய் போன்ற சாறுகள் கிருமி இல்லாமலேயே சாயத்தை இளஞ்சிவப்பாக்கும். அதற்கும் அதே தனி வரிசைதான் பதில்.

தைலத்தைக் கலக்க ட்வீன் 80 அதிகம் போட்டால் யூஜினாலையும் தைமாலையும் அது தன் நுண்குமிழ்களுக்குள் அடைத்துக்கொள்ளும், எம்ஐசி ஏறும். 0.15 சதவீத அகாரைக் குழம்பில் சேர்த்தால் எண்ணெய்த் துளிகள் பிரியாமல் நிற்கும், வலுவும் குறையாது. தைலக் குழிகளின் ஆவி பக்கத்து வரிசையைக் கொல்லும் என்பதால் ஒட்டும் படலத்தால் தட்டை மூடுங்கள். வளர்ச்சி பார்க்கும் குழிகளைத் தைலத்துக்கு எதிர் ஓரத்தில் வையுங்கள்.

புளி, எலுமிச்சை, குடம்புளிச் சாறுகள் கொல்வது பெரும்பாலும் புளிப்பால். பிஎச் 7க்குக் கொண்டுவந்து ஒருமுறை, அதே பிஎச்சில் வெறும் அமிலத்தை வைத்து ஒருமுறை என்று செய்தால்தான் செடிக்கு உரிய பங்கு பிரியும்.

எந்தக் கிருமியை வைத்துச் சோதிப்பது?

மருத்துவமனையிலிருந்து யாரோ கொடுத்த பெயர் தெரியாத ஐசொலேட் (நோயாளியிடமிருந்து பிரித்த கிருமி) வேண்டாம். சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து வாங்கலாம். எம்ஐசிக்கு ஈ. கோலை ஏடிசிசி 25922 (ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பு), ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 29213 ஆகியவை வழக்கமான தரக்கட்டுப்பாட்டு வகைகள். இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதி இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸைத் தொடவே கூடாது. லிஸ்டீரியா இன்னோகுவாவை மாற்றாகப் பயன்படுத்தலாம்.

தட்டில் அருமையாக வேலை செய்தது, இறைச்சியில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

உணவில் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. தைலம் கொழுப்பில் கரைந்து ஒதுங்கிவிடும். கிருமி வாழ்வதோ நீர்ப்பகுதியில். குழம்பில் தேவைப்பட்டதைவிட உணவில் இரண்டு மடங்கிலிருந்து நூறு மடங்குவரை அதிகம் தேவைப்படலாம். கொழுப்பு குறைந்த பாலில் கொஞ்சம், பாலாடைக்கட்டியில் மிக அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராம்புத் தைலத்தின் எம்ஐசி மி.லி.க்கு 1 மி.கி. என்று வைத்துக்கொள்வோம், அது 0.1 சதவீதம். கொத்துக்கறியில் பத்து மடங்கு தேவை என்றால் 1 சதவீதம், கிலோவுக்கு 10 கிராம் தைலம். அந்தக் கறியை வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும். பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பதே அதற்குத்தான். இன்னொரு பக்கம், யூஜினாலுக்குச் சர்வதேச நிபுணர் குழுவான ஜெக்ஃபா ஏற்கும் தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 150 மி.கி. மேற்படி கறியில் 100 கிராம் சாப்பிட்டால், தைலத்தில் 80 சதவீதம் யூஜினால் என்ற கணக்கில், உள்ளே போவது 800 மி.கி.; ஏற்ற அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். எம்ஐசி வந்த உடனே இந்த இரண்டு கணக்கையும் போட்டுவிட்டால் பாதி ப்ராஜெக்டுகள் ஆறு மாதம் மிச்சம் பிடிக்கும்.

பிறகு எதற்குத்தான் இவை பயன்படும்?

தனியாக நிறுத்தினால் தோற்கும்; மற்றத் தடைகளோடு நிறுத்தினால் உதவும். குளிர், உப்பு, புளிப்பு, ஈரக் குறைவு ஒவ்வொன்றும் கிருமியைக் கொஞ்சம் தளர்த்தும். அதன்மேல் நாக்குப் பொறுக்கும் அளவு, அதாவது 0.05 முதல் 0.1 சதவீதத்துக்குள், ஓமமோ கிராம்போ சேர்ந்தால் கெடும் நாள் தள்ளிப்போகும். வினிகர் அல்லது லாக்டிக் அமிலத்தோடு சேர்ப்பது கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு நல்ல கூட்டு. இரண்டு பொருள்களின் கூட்டு உண்மையில் பெருகுகிறதா என்பதைச் செக்கர்போர்டு முறையில் (ஒரே தட்டில் ஒன்றைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் நீர்க்கவைப்பது) பார்க்கலாம்: எஃப்ஐசி கூட்டுத்தொகை (ஒவ்வொரு பொருளுக்கும் கூட்டில் வந்த எம்ஐசியைத் தனியாக வந்த எம்ஐசியால் வகுத்துக் கூட்டியது) 0.5 அல்லது அதற்குக் கீழ் வந்தால்தான் கூட்டு வலிமை. 0.8 வந்ததை எல்லாம் ‘சினர்ஜி’ என்று எழுத வேண்டாம்.

கிருமி மேற்பரப்பில் மட்டும் இருக்கும் உணவுகளும் நல்ல களம். ரொட்டி, பழம் ஆகியவற்றின் உறைக்குள் கடுகு ஆவி பூஞ்சையை அடக்கும். பொருளோடு கலக்காததால் அளவும் குறைவு. பீர் தயாரிப்பில் வரும் ஹாப்ஸ் பூவின் அமிலங்களை லிஸ்டீரியாவுக்கு எதிராகச் சமைத்த இறைச்சியின் மேற்பரப்பில் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி உண்டு.

பூண்டை எண்ணெயில் போட்டு வைத்தால் பூண்டே காப்பாற்றாதா?

காப்பாற்றாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். 1985இல் கனடாவின் வான்கூவரில், ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேருக்குப் போட்டுலிசம் (நரம்புகளை முடக்கும் நச்சு நோய்) வந்தது. மண்ணிலிருந்து வரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கும்; எண்ணெய் காற்றை மறைக்கிறது, பூண்டின் ஈரமும் புளிப்பற்ற தன்மையும் அதற்கு வசதி. நசுக்கியபோது உண்டான அல்லிசின் நாளடைவில் சிதைந்துபோகும், அது வித்தையும் கொல்லாது. நச்சு உருவான எண்ணெயில் வாசனையோ நிறமோ மாறாது.

வீட்டில் செய்த பச்சைப் பூண்டு எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். விற்பதற்கானால் பூண்டில் அமிலம் சேர்த்துப் பிஎச் 4.6க்குக் கீழே இறக்கியாக வேண்டும். நம் பூண்டு ஊறுகாய் தாங்குவதற்குக் காரணம் புளியும் எலுமிச்சையும் உப்பும், பூண்டு இல்லை. ‘டயட்’ என்று சொல்லிப் புளிப்பையும் உப்பையும் குறைப்பவர்கள் பிஎச் மீட்டர் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

மசாலாவே கிருமியைக் கொண்டுவருமா?

வரும். 2009–10இல் அமெரிக்காவில் மிளகு தடவிய சலாமியால் 272 பேருக்குச் சால்மோனெல்லா தொற்று, மூலம் மிளகு. உலர்ந்த மசாலாவில் சால்மோனெல்லா பெருகாது, ஆனால் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தரையில் காயவைத்த மிளகிலும் மல்லியிலும் பறவை எச்சமும் மண்ணும் சேரும். கொதிக்கும் குழம்பிலோ தாளிப்பிலோ போனால் தீர்ந்தது. சமைத்த பிறகு மேலே தூவும் மிளகுப்பொடி, தயிர்ப்பச்சடியில் போடும் சீரகப்பொடி ஆகியவைதான் கவலை. நீராவியால் கிருமி நீக்கிய பொடியை இவற்றுக்கு வாங்குங்கள், அல்லது முழுசாக வறுத்துப் பொடியுங்கள்.

இயற்கைதானே, அளவு பார்க்க வேண்டுமா?

வசம்புத் தைலத்தை 1968இலேயே அமெரிக்கா உணவிலிருந்து விலக்கியது. அதிலுள்ள, எலிகளில் புற்றுநோய் உண்டாக்கிய பீட்டா அசரோன்தான் காரணம். நம் கடைகளில் பட்டை என்று பெரும்பாலும் கிடைப்பது தடித்த கேசியா. அதில் கிலோவுக்கு 2 கிராமும் அதற்கு மேலும் கூமரின் (கல்லீரலைப் பாதிக்கக்கூடிய பொருள்) இருக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கும் தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி.; 60 கிலோ ஆள் 3 கிராம் கேசியாப் பொடியிலேயே அதைத் தொட்டுவிடுவார். மெல்லிய ஏடுகளாகச் சுருண்ட இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம்.

‘கிரேப்ஃப்ரூட் விதைச் சாறு’ (இது திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) என்று விற்றது இன்னொரு பாடம். வேதிப் பகுப்பாய்வு செய்தபோது, கிருமியைக் கொன்றது பல குப்பிகளில் கலந்திருந்த பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி என்று தெரிந்தது. கலக்காத சாறு ஒன்றும் செய்யவில்லை.

லேபிளில் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று போடலாமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளில் உப்பு, சர்க்கரை, மசாலா, வினிகர், தேன் போன்றவையே முதல் வகுப்புப் பிரிசர்வேட்டிவ்கள். ஆக, கெடாமல் இருக்கவே மசாலா சேர்த்துவிட்டு அப்படி எழுதுவது சிக்கல். கரைப்பானில் பிரித்தெடுத்த செறிவான சாறு, முழு மசாலாவிலிருந்து வேறுபட்டது. உரிமம் கேட்கும்போதே எழுத்தில் தெளிவு வாங்குங்கள்.

என் பொருளில் இது வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

உற்பத்திக்கூடத்தில் நீங்களே கிருமியைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் சேலஞ்ச் சோதனை கேளுங்கள். சாறு சேர்த்தது, சேர்க்காதது இரண்டிலும் கிராமுக்குச் சுமார் ஆயிரம் செல்கள் விட்டு, நீங்கள் விற்கும் வெப்பநிலையிலேயே வைத்து, காலாவதி நாளையும் தாண்டி எண்ண வேண்டும். ஃபிரிட்ஜ் பொருளானால் 4 டிகிரியில் மட்டும் பார்த்தால் போதாது. கடைக் குளிர்பெட்டி எட்டு, பத்து டிகிரிக்கு ஏறுவது சகஜம், அங்கேயும் ஒரு தொகுதி வையுங்கள். எண்ணும் முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தைலத்தால் காயப்பட்ட செல்கள் தேர்வு அகாரில் (தேடும் கிருமியை மட்டும் வளரவிடும் ஊட்டம்) முளைக்காமல், சாதாரண அகாரில் முளைக்கும். தேர்வு அகாரில் மட்டும் எண்ணினால் செத்தவை என்று கணக்கில் எழுதியவை, ஐந்தாம் நாள் பாக்கெட்டுக்குள் எழுந்து நிற்கும்.